குடல் உயிரணுக்களின் தூது: அழற்சி நோய்களுக்குப் புதிய மருத்துவ வழிகள்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் குடல் நோய் என்றாலே காலரா, சீதபேதி, டைபாய்டு ஆகிய தொற்றுநோய்கள்தாம் மக்கள் நினைவுக்கு வந்தன. பாதுகாக்கப்பட்ட குடிநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் ஆகியவற்றின் பயனாக இந்நோய்களால் நேரும் உயிரிழப்பு பெரிதும் குறைந்துள்ளது. ஆனால், இன்ன கிருமியால் வந்தது என்று சுட்டிக்காட்ட முடியாத வேறொரு குடல் நோய் இதே காலத்தில் நம் நாட்டில் பரவி வருகிறது. குடல் அழற்சி நோய் என்று மருத்துவர்கள் இதனைக் குறிப்பிடுகின்றனர்.

இது இரு வகைப்படும். பெருங்குடலின் உட்புறத் தோலில் மட்டும் புண் உண்டாவது ஒரு வகை. இது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும். வாய் முதல் ஆசனவாய் வரை எப்பகுதியிலும் தோன்றிக் குடற்சுவரை ஆழமாகத் துளைப்பது மற்றொரு வகை. 1932ஆம் ஆண்டில் இதனை விவரித்த அமெரிக்க மருத்துவர்களுள் ஒருவரான குரோன் என்பவரின் பெயரால் இது குரோன் நோய் என்று வழங்கப்படுகிறது. இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, காய்ச்சல், உடல் மெலிவு, இரத்தச்சோகை ஆகியன பொதுவான அறிகுறிகள். நோய் தணிந்து மீண்டும் தலைதூக்கும். பல ஆண்டுகள் தொடரும். படிக்கும் வயதிலும் உழைக்கும் வயதிலும் உள்ளவர்களையே இது மிகுதியாகத் தாக்குவதால், ஒரு குடும்பத்தின் வருவாயையே நிலைகுலையச் செய்துவிடுகிறது.

உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டின்படி, 1990ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1.3 இலட்சம் பேருக்கு இருந்த இந்நோய், 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2.7 இலட்சம் பேருக்கு இருந்தது. உண்மை நிலை இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். பஞ்சாப் மாநிலத்தில் லூதியானா மருத்துவர்கள் வீடு வீடாகச் சென்று ஏறத்தாழ 52,000 மக்களிடம் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு இலட்சம் பேரில் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்ததை அது காட்டியது. நாடு தழுவிய மதிப்பீட்டில் இரு வகை நோயையும் சேர்த்தே இலட்சத்திற்கு 20 பேர் அளவில்தான் வருகிறது என்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

குடற்சுவரின் அமைப்பு

இந்நோயின் தன்மையை அறிய, குடற்சுவர் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நம் உணவுப்பாதையின் உட்பரப்பு மொத்தம் சுமார் 30 சதுர மீட்டர். இப்பரப்பில் குடற்பகுதி முழுவதையும் மூடியிருப்பது ஒரே ஒரு வரிசை உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம். அதன் ஒருபுறம் உணவும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் உள்ளன. மறுபுறம் இரத்த நாளங்களும் நோயை எதிர்க்கும் உயிரணுக்களும் உள்ளன. உணவின் சத்தை உள்ளே விட வேண்டும்; கிருமிகளை விடக் கூடாது. இந்த அரிய பணியைச் செய்யும் படலத்து உயிரணுக்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியன தோன்றுகின்றன.

இப்பணியை எந்த உயிரணுவும் தனித்துச் செய்ய இயலாது. ஆகவே அவை தமக்குள் இடையறாது செய்தி பரிமாறிக்கொள்கின்றன. இச்செய்திப் பரிமாற்றம் மூன்று வகையில் நடைபெறுகிறது. முதலாவது, தொட்டு நிற்கும் அண்டை உயிரணுக்களுக்கிடையே நடப்பது. அவற்றை இறுகப் பிணைக்கும் புரதங்கள் இடைவெளியை அடைத்துக்கொள்கின்றன. கனெக்சின் என்னும் புரதத்தால் ஆன நுண்குழாய்கள் ஓர் உயிரணுவிலிருந்து மற்றொன்றுக்கு அயனிகளையும் சிறு மூலக்கூறுகளையும் நேரடியாகக் கடத்துகின்றன. இரண்டாவது, சைட்டோகைன் எனப்படும் தூதுப் புரதங்கள் வாயிலாக நடப்பது. ஓர் உயிரணு வெளியிடும் தூதுப் புரதம், அதற்கென ஏற்பியைப் பெற்றுள்ள மற்றோர் உயிரணுவில் பொருந்தி, அதனைச் செயலுக்குத் தூண்டவோ அமைதிப்படுத்தவோ செய்கிறது. மூன்றாவது, நுண்ணுயிர்களுக்கும் உடலுக்கும் இடையே நடப்பது. நாம் உண்ணும் நார்ப்பொருளைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவை குடல் உயிரணுக்களுக்கு உணவாகவும் செய்தியாகவும் பயன்படுகின்றன.

தூது தவறும்போது

உடலில் கிருமி நுழைந்தால் அழற்சி தோன்றுவது இயல்பு. அது காவல் வேலை. கிருமி அழிந்ததும் அழற்சி தணிய வேண்டும். தணியச் சொல்லும் செய்தி செல்லாவிடில், அல்லது சென்றும் ஏற்கப்படாவிடில், காவலே நோயாக மாறிவிடுகிறது.

இதற்குத் தெளிவான சான்று 2009ஆம் ஆண்டில் கிடைத்தது. பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சிக்கு ஆளான குழந்தைகளை ஐரோப்பிய ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். அமைதிப்படுத்தும் தூதுப் புரதமாகிய இன்டர்லூக்கின்-10 என்பதனை ஏற்கும் ஏற்பியின் மரபணுவில் அக்குழந்தைகளுக்குப் பிழை இருந்தது. ஒரே ஒரு செய்தி கேட்கப்படாமையே குடல் முழுவதையும் புண்ணாக்கப் போதுமானதாயிற்று. நல்ல ஏற்பியுடைய உயிரணுக்களை எலும்பு மச்சை மாற்று மருத்துவத்தின் மூலம் பெற்ற குழந்தைக்கு நோய் தணிந்தது.

இதனின்று, அந்தத் தூதுப் புரதத்தையே மருந்தாகக் கொடுத்தால் எல்லா நோயாளிகளும் குணமடைவர் என்று கருதுதல் பிழையாகும். அவ்வாறு கொடுத்துப் பார்த்த முந்தைய சோதனைகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. செய்தி உரிய இடத்தில், உரிய அளவில், உரிய நேரத்தில் சென்றடைதல் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

ஹைதராபாத் ஆய்வுகள்

குடல் அழற்சி பற்றிய அறிவு பெரும்பாலும் மேலை நாட்டு நோயாளிகளை ஆராய்ந்து பெறப்பட்டதாகும். அது நம் மக்களுக்கு அப்படியே பொருந்துமா என்னும் கேள்விக்கு விடை காண்பதில் ஹைதராபாத் நகரத்து நிறுவனங்கள் குறிப்பிடத்தக்க பங்கு ஆற்றியுள்ளன.

2001ஆம் ஆண்டில், நுண்ணுயிர்ச் சுவரின் துணுக்கை உணர்ந்து செய்தி அனுப்பும் நாட்-2 என்னும் மரபணுவில் காணப்படும் மாற்றங்கள் குரோன் நோய்க்கு வழிவகுப்பதாக ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகள் அறிவித்தன. 2006ஆம் ஆண்டில் இன்டர்லூக்கின்-23 ஏற்பி மரபணுவிற்கும் இந்நோயுடன் தொடர்பு இருப்பது தெரியவந்தது. ஹைதராபாத்தில் உள்ள ஆசிய குடல்நோய் மருத்துவ நிறுவனத்தினரும், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தினரும் சேர்ந்து இந்திய நோயாளிகளிடம் இவ்விரு மரபணுக்களையும் ஆராய்ந்தனர். மேலை நாட்டில் பெரிதும் பேசப்பட்ட அம்மாற்றங்களுக்கும் இந்திய நோயாளிகளின் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்று 2011ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். நோயின் வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பினும், செய்தி எந்த இடத்தில் பிழைபடுகிறது என்பது மக்களுக்கு மக்கள் வேறுபடலாம் என்பதை இது உணர்த்துகிறது.

மற்றோர் ஆய்வு நேரடியாக நோயாளியின் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது. எதிர்ப்பு உயிரணுக்களின் பெருக்கத்தை அடக்க, அசாதியோபிரின் என்னும் விலை குறைந்த மாத்திரை நம் நாட்டில் பெருமளவில் வழங்கப்படுகிறது. சிலருக்கு இதனால் இரத்த வெள்ளணுக்கள் ஆபத்தான அளவிற்குக் குறைந்துவிடுகின்றன. இதனை முன்கூட்டி அறிய மேலை நாடுகளில் டி.பி.எம்.டி. என்னும் மரபணுவைச் சோதிப்பது வழக்கம். ஹைதராபாத் ஆசிய குடல்நோய் மருத்துவ நிறுவனத்தினர் 1,014 இந்திய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நம் மக்களிடையே இவ்வாபத்தை முன்னறிவிப்பது டி.பி.எம்.டி. அன்று, நட்-15 என்னும் வேறு மரபணுவே என்று காட்டியது. பிறர் நாட்டுச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால், ஆபத்துக்குரியவர்களையே ஆபத்தில்லாதவர் என்று நாம் கணித்திருப்போம்.

இந்நோய் நகரவாசிகளுக்கே உரியது என்னும் கருத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. கிராமங்களிலிருந்து வரும் குடல் நோயாளிகளிடமும் இந்நோய் குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுவதை இதே நிறுவனத்தினர் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது.

தூதைத் தடுக்கும் மருந்துகள்

இன்று வழக்கில் உள்ள மருந்துகளில் பெரும்பாலானவை அழற்சிச் செய்தியைத் தடுத்து நிறுத்துபவை. 1955ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்த கார்ட்டிசோன் சோதனை, கடுமையான பெருங்குடல் அழற்சியைத் தணிக்க முடியும் என்று காட்டிற்று. ஆனால் ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொண்டால் எலும்பு தேய்தல், நீரிழிவு முதலிய தீங்குகள் விளைகின்றன. 1998ஆம் ஆண்டில், டி.என்.எஃப். என்னும் தூதுப் புரதத்தைப் பிடித்து அகற்றும் இன்ஃபிளிக்சிமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதிக்கப்பட்டது. அழற்சி உயிரணுக்கள் குடலுக்குள் நுழையும் வழியை அடைக்கும் வெடோலிசுமாப் 2014ஆம் ஆண்டிலும், உயிரணுவின் உள்ளே செய்தி செல்லும் பாதையைத் தடுக்கும் டோஃபாசிடினிப் 2018ஆம் ஆண்டிலும் இந்நோய்க்கென அங்கு அனுமதி பெற்றன.

இவை பலருக்கு மறுவாழ்வு அளித்த மருந்துகள் என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு செய்தியை முற்றிலும் தடுக்கும்போது அச்செய்தி செய்துவந்த நல்ல வேலையும் நின்றுபோகும். நுரையீரலிலோ வேறு இடத்திலோ அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி உயிரணுக்கள் அரண் அமைத்து நிற்பதற்கு டி.என்.எஃப். இன்றியமையாதது. அதனை அகற்றினால் அரண் தளர்ந்து காசநோய் வெளிப்படக்கூடும். இவ்வாறு 70 பேருக்குக் காசநோய் வெளிப்பட்ட செய்தியை 2001ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தனர்.

உலகில் காசநோய்க்கு ஆளாகும் நால்வரில் சுமார் ஒருவர் இந்தியர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு, 15 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 31 விழுக்காட்டினரின் உடலில் காசநோய்த் தொற்று இருப்பதற்கான அறிகுறியைக் கண்டது. மேலும், குடலில் வரும் காசநோயும் குரோன் நோயும் தோற்றத்தில் பெரிதும் ஒத்திருப்பவை. காசநோயைக் குரோன் நோய் என்று கருதி எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே தீங்கு நேரும். குரோன் நோயைக் காசநோய் என்று கருதினால் மாதக்கணக்கில் பயனற்ற சிகிச்சையில் காலம் கழிந்து குடல் சுருங்கிவிடும். ஆகவே, மேலை நாட்டு மருந்து முறையை இங்குப் பின்பற்றுவதில் தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது.

விலையும் ஒரு பெருந்தடை. இவ்வகை உயிரியல் மருந்துகளை நம் நாட்டிலேயே தயாரிக்கும் திறன் வளர்ந்துள்ளது. 2007ஆம் ஆண்டில் ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் புற்றுநோய்க்கான ரிட்டுக்சிமாப் மருந்தின் ஒத்த வடிவத்தை வெளியிட்டது. 2014ஆம் ஆண்டில் அகமதாபாத்தைச் சேர்ந்த சைடஸ் நிறுவனம், டி.என்.எஃப். தடுப்பு மருந்தாகிய அடாலிமுமாப் என்பதன் ஒத்த வடிவத்தைக் கொண்டுவந்தது. ஆயினும், ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய ஏழைக் குடும்பத்திற்கு இச்செலவு இன்றும் பாரமே.

தூதைச் சீர்செய்யும் முயற்சி

மேற்கூறிய காரணங்களால், கெட்ட செய்தியைத் தடுப்பதோடு நில்லாமல், நின்றுபோன நல்ல செய்தியை மீண்டும் ஓடச் செய்யும் வழிகளை அறிவியலார் நாடுகின்றனர்.

1980ஆம் ஆண்டில் ரோடிகர் என்னும் மருத்துவ அறிஞர், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளின் பெருங்குடல் உயிரணுக்கள் பியூட்டிரேட்டை எரிபொருளாகப் பயன்படுத்த இயலாமல் ஆற்றல் குன்றுகின்றன என்று எடுத்துக்காட்டினார். பியூட்டிரேட் எரிபொருள் மட்டுமன்று, செய்தியும் ஆகும் என்பது பின்னர் தெளிவாயிற்று. பெருங்குடல் உயிரணுக்களின் மேல் உள்ள ஜி.பி.ஆர்.109-ஏ என்னும் ஏற்பியில் அது பொருந்துவதையும், அதன் வழியாகக் குடல் அழற்சி அடக்கப்படுவதையும் வடிவேல் கணபதி இடம்பெற்ற அமெரிக்க ஆய்வுக்குழுவினர் 2009, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டனர். எதிர்ப்பு ஆற்றலைக் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்குமுறை டி உயிரணுக்கள் குடலில் பெருக பியூட்டிரேட் உதவுகிறது என்று 2013ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. இவ்வகை உயிரணுக்களைக் கண்டறிந்தமைக்காகவே 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது.

அதே ஏற்பியில் பொருந்தும் மற்றொரு பொருள் நியாசின் என்னும் வைட்டமின். இங்கு மீண்டும் ஹைதராபாத் நினைவுக்கு வருகிறது. 1918ஆம் ஆண்டு குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம், 1958ஆம் ஆண்டு ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969ஆம் ஆண்டு முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஹைதராபாத் வட்டாரத்து ஏழை மக்களிடம் காணப்பட்ட பெல்லாக்ரா நோயை, சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் டாக்டர் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் ஆராய்ந்து 1960ஆம் ஆண்டில் தம் கருத்தை வெளியிட்டனர். நியாசின் குறைவால் வரும் அந்நோயின் அறிகுறிகளுள் தோல் வெடிப்பும் மனத்தளர்ச்சியும் மட்டுமன்றி வயிற்றுப்போக்கும் ஒன்று. உணவில் ஒரு சத்துக் குறைந்தால் குடல் நலிவதை அன்று கண்டோம். உணவிலிருந்து பிறக்கும் மூலக்கூறுகள் குடல் உயிரணுக்களுக்குச் செய்தியாகவும் விளங்குவதை இன்று அறிகிறோம்.

உணவின் வழியே நுண்ணுயிர்களைச் செயற்படச் செய்யலாம் என்பதற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒரு சான்று தந்துள்ளது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடையும் எதிர்ப்பு மாவுப்பொருளை உப்புக் கரைசலுடன் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு குறைந்தது என்று டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியோரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்மாவுப்பொருளை நுண்ணுயிர்கள் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுவதும், அவை நீரை உறிஞ்சுமாறு பெருங்குடலைத் தூண்டுவதும் இதன் அடிப்படை. சமைத்த சோறு ஆறும்போதும் இத்தகைய மாவுப்பொருள் ஓரளவு கூடுகிறது. பழைய சோற்றுக்கும் குடல் அழற்சிக்கும் உள்ள தொடர்பை ஆராயச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மேற்கொண்ட முயற்சி இவ்வகையில் கவனத்திற்குரியது.

நேரடியான சிகிச்சைச் சோதனையும் நம் நாட்டில் நடந்துள்ளது. புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர், மிதமான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உடைய 66 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருந்துகள். மறு பிரிவினருக்கு நல்ல உடல்நலம் உடையோரின் குடல் நுண்ணுயிர்களைச் செலுத்தி, அழற்சியைக் குறைக்கும் உணவுமுறையையும் அளித்தனர். எட்டு வாரங்களின் முடிவில் முதற்பிரிவில் சுமார் 32 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் பிரிவில் 60 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியது. இம்முடிவு 2022ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

எனினும் மிகையான நம்பிக்கை கூடாது. பியூட்டிரேட்டை ஆசனவாய் வழியாகச் செலுத்திய சோதனைகள் ஒரே வகையான பயனைத் தரவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின், நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் வழக்கமான மருந்துடன் கொடுத்தபோது பயன் தந்ததாக 2015ஆம் ஆண்டில் ஒரு சோதனை கூறிற்று. குறைந்த அளவில் கொடுத்த புது டில்லிச் சோதனையில் பயன் காணப்படவில்லை. நோய் முற்றியிருக்கும்போதும், குடல் சுருங்கியிருக்கும்போதும் நார்ப்பொருள் மிகுந்த உணவு வலியையும் அடைப்பையும் உண்டாக்கலாம். ஆகவே, மருத்துவர் அறிவுரையின்றி மருந்தை நிறுத்திவிட்டு உணவை மட்டும் நம்புவது தீங்காகவே முடியும்.

செய்ய வேண்டுவன

இதுவரை கண்டவற்றினின்று சில பணிகள் தெளிவாகின்றன. முதலாவது, நோயை விரைந்து கண்டறிதல். இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கைச் சீதபேதி என்றோ மூலம் என்றோ கருதி மாதக்கணக்கில் தற்காலிக மருந்து கொடுக்கும் நிலை மாற வேண்டும். சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இத்தகைய நோயாளிகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு உறுதியான நெறிமுறை வேண்டும். மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தின் அளவைக் காணும் எளிய சோதனை, யாருக்குக் குடல் உள்நோக்கிப் பரிசோதனை தேவை என்று தெரிந்தெடுக்க உதவும்.

இரண்டாவது, எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்து தொடங்குமுன் காசநோய்ச் சோதனையும், அசாதியோபிரின் கொடுக்குமுன் நட்-15 மரபணுச் சோதனையும் இயன்ற இடங்களிலெல்லாம் வழக்கமாக வேண்டும். மரபணுச் சோதனை கிட்டாத இடத்தில், தொடக்க வாரங்களில் வெள்ளணு எண்ணிக்கையை அடிக்கடி பார்ப்பதேனும் தவறக் கூடாது.

மூன்றாவது, மாவட்ட அளவிலான நோய்ப் பதிவேடுகள் தேவை. லூதியானாவில் நடந்தது போன்ற கணக்கெடுப்பு வெவ்வேறு உணவுப் பழக்கமுடைய வட்டாரங்களில் நடைபெற்றால்தான் நோயின் உண்மைப் பரவல் தெரியவரும். மருந்து ஒதுக்கீட்டையும் அதற்கேற்பத் திட்டமிடலாம்.

நான்காவது, உணவு ஆய்வும் உயிரணு ஆய்வும் சேர்ந்து நடைபெற வேண்டும். ஊட்டச்சத்து நிறுவனம், மூலக்கூறு உயிரியல் மையம், குடல்நோய் மருத்துவமனை, மருந்துத் தொழிற்சாலை ஆகிய நான்கும் ஒரே நகரத்தில் அமைந்துள்ள ஹைதராபாத் இதற்கு ஏற்ற களமாகும். எந்தச் சிறுதானியம், எந்த அளவில், எந்த நிலையிலுள்ள நோயாளியின் குடலில் நல்ல செய்தியை மீட்டெடுக்கும் என்பதற்கு நம் நோயாளிகளிடம் நடத்திய சோதனையே விடை தர முடியும். நாட்-2, நட்-15 ஆகிய இரு மரபணுக்களிலும் இரவல் விடை நமக்குப் பொருந்தாமற்போனதை இந்நகரத்து ஆய்வுகளே காட்டிவிட்டன. உணவைப் பற்றிய விடையையும் நம் மண்ணிலேயே தேட வேண்டியிருக்கிறது.